டங்ஸ்டன் என்று சொல்லி ஈயம்: எயார் ரைபிள் எடை வாங்குவோர் கவனத்துக்கு

58,500 ரூபா. போட்டி எயார் ரைபிளில் கூடுதலாகப் பூட்டுகிற எடைகள், டங்ஸ்டனில் செய்தவை என்ற விளம்பரத்தை நம்பிக் கொடுத்தேன். அதற்கு வந்தது மூன்று கறுப்பு வட்டு, இரண்டு கிளாம்ப், எல் வடிவத்தில் ஒரு தகடு. திருகோணமலைக்குக் கூரியரில் வந்த அந்தப் பெட்டியில் போட்டிக்குக் கொண்டுபோகக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. அதே விளம்பரம் இப்போதும் ஓடுகிறது, அதனால்தான் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை. கடைவாசல் எதுவும் இல்லாமல், சமூக ஊடகப் பக்கம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விளையாட்டுத் துப்பாக்கி உதிரிப்பாகம் விற்கிற ஆள். அது போதும்.

நம்பிக்கை வந்தது ஒரே ஒரு கேள்வியால். "அண்ணா, ரைபிளின் எடை ஸைட்டோடு சேர்த்துச் சொல்கிறீர்களா, ஸைட் இல்லாமலா?" என்று விற்பவர் கேட்டார். ஸைட் என்றால் குறிபார்க்கும் பாகம். சும்மா சாமான் விற்கிறவனுக்கு இது தெரியாது. 10 மீற்றர் எயார் ரைபிளின் உச்ச எடை 5.5 கிலோ. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுதான், ஸைட்டும் அதற்குள் அடக்கம். ஸைட்டோடு 4.70 கிலோ என்று சொன்னதும், வட்டுக்கு 240 கிராம் வீதம் மூன்று போட்டால் 5.42, போட்டியின் உபகரணச் சோதனையில் பயமில்லை என்று கணக்கும் அவரே போட்டுக் காட்டினார். பிறகு ஒரு காணொளி அனுப்பினார். தராசில் வட்டு 241 கிராம் காட்டுகிறது, கலிப்பரில் விட்டம் 30 மில்லிமீற்றர். தடிப்பை மட்டும் அந்தக் காணொளியில் எங்கும் அளக்கவில்லை. முழுத் தொகையும் வங்கியில் போட்ட பிறகுதான் பெட்டி புறப்பட்டது.

வந்த வட்டின் விட்டம் 30, தடிப்பு 20, நடுவில் 6 மில்லிமீற்றர் துளை. நகைக்கடைத் தராசில் ஒரு வட்டு 154 கிராம். மீதி 86 கிராம் எங்கே?

உலோகம் எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். வட்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள், அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது. தராசு எத்தனை கிராம் ஏறுகிறதோ, வட்டின் கனஅளவு அத்தனை கன சென்ரிமீற்றர். இந்த வட்டுக்கு 13.6 ஏறியது. 154ஐ 13.6ஆல் வகுத்தால் 11.3. அது ஈயத்தின் அடர்த்தி. உருக்கு என்றால் 7.8 அளவில் வரும், இப்படியான எடைகளுக்குப் பாவிக்கிற டங்ஸ்டன் கலவை 17க்குக் குறையாது. துளையின் ஓரத்தில் பெயின்றைச் சுரண்டி வெள்ளைத்தாளில் தேய்த்தபோது பென்சிலால் கீறியதுபோல் சாம்பல் கோடு விழுந்தது. ஈயமேதான். ஈயத்தில் வெட்டின மரை இறுக்க இறுக்கத் தேய்ந்துபோகும். பெயின்ற் உரிந்தால் ஈயம் கையில் ஒட்டும், அந்தக் கையோடுதான் பிள்ளைகள் சாப்பிடப் போவார்கள்.

இதைவிடப் பெரிய மோசடி, விளம்பரத்தில் இருந்த "30 மி.மீ. விதிக்கு உட்பட்டது" என்ற வரி. குழலில் பொருத்தும் எடை, குழலின் மையத்திலிருந்து 30 மில்லிமீற்றர் ஆரைக்குள் அடங்கவேண்டும் என்பதுதான் விதி. இவர் காட்டியது வட்டின் விட்டம். வட்டு குழலுக்குக் கீழே கிளாம்பில் தொங்குகிறது. குழல் உறையின் ஆரை 11, கிளாம்பின் சுவர் 3, வட்டின் தடிப்பு 20, ஆகமொத்தம் 34. நான்கு மில்லிமீற்றர் வெளியே. அசல் டங்ஸ்டனாக இருந்தாலும் இது தேறாது. எல் தகடோ ஸ்டொக்கின் (தோளில் அணைக்கிற பின்கட்டை) கீழ்ப்பகுதியில் பூட்டியதும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் பக்கவாட்டிலோ முன்னோக்கியோ எடை நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது என்று விதியில் நேரடியாகவே இருக்கிறது.

விளம்பரத்தில் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் "அங்கீகாரம் பெற்றது" என்றும் போட்டிருக்கிறார்கள். தனியாக ஓர் எடைக்கு அங்கீகாரம் என்று ஒன்று கிடையாது. எடையைப் பூட்டிய ரைபிளைத்தான் சோதனை மேசையில் அளப்பார்கள், நிறுப்பார்கள். போட்டி முடிந்த பிறகும் மறுபடி கூப்பிட்டுச் சோதிக்கலாம். அங்கே பிழைத்தால் புள்ளி வெட்டுவதோடு விடமாட்டார்கள், தகுதிநீக்கம்தான்.

அதன்பிறகு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "உங்கள் தராசு பிழை." நகைக்கடைத் தராசு என்று படம் அனுப்பியதும் "டங்ஸ்டனில் பல தரம் இருக்கிறது." அடர்த்திக் கணக்கை அனுப்பியதும் "கூரியரில் மாறியிருக்கும், அவர்களிடம் கேளுங்கள்." கிளாம்ப் குழலில் ஆடுகிறது என்றதற்கு "டேப் சுற்றிப் போடுங்கள் அண்ணா, எல்லாரும் அப்படித்தான்." டேப்பில் நிற்கிற எடையோடு சோதனை மேசைக்குப் போகச் சொல்கிற ஆள், விதி தெரிந்தவராம்! 58,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள் என்றதும் நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இப்போது இலக்கத்தையே தடுத்து வைத்திருக்கிறார்.

இவ்வளவும் தேவையே இல்லாத செலவு. திருகோணமலையில் வள்ளங்களுக்கு வேலை செய்கிற லேத் பட்டறைக்காரர்கள் இதைவிட நேர்த்தியாகக் கடைந்து தருவார்கள். 316 துருப்பிடிக்கா உருக்கில், குழலைச் சுற்றி உட்காரும் வளையம்: வெளிவிட்டம் 40, உள்விட்டம் உங்கள் குழல் உறைக்குச் சரியாக (22 என்று வையுங்கள்), நீளம் 34 மில்லிமீற்றர். ஏறத்தாழ 238 கிராம் வரும், இறுக்குவதற்குப் பிளவு வெட்டினால் கொஞ்சம் குறையும். மையத்திலிருந்து 20 மில்லிமீற்றர்தான், விதிக்குள் தாராளமாக நிற்கும். ஸைட் கோட்டை மறைக்கிறதா என்று பொருத்திப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். சாதாரண உருக்கு வேண்டாம், நம்முடைய கடற்காற்றுக்குத் தாங்காது.

எப்படித் தப்புவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடிவது இவ்வளவுதான். விட்டம், தடிப்பு, எடை மூன்றும் ஒரே காணொளியில் தெரியவேண்டும். முழுப்பணத்தை முன்கூட்டிப் போடாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். விதிப்புத்தகத்தின் கடைசிப் பதிப்பு சம்மேளனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, விற்பவரின் வாயை நம்பாமல் அதைப் பாருங்கள். ஏற்கெனவே இவர்களிடம் வாங்கியவர்கள் இன்றே வட்டைத் தண்ணீரில் நிறுத்துப் பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். 58,500 ரூபாவுக்கான முறைப்பாட்டை நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.