மடக்கினால் மறையும் வளையங்கள்: ஒரு டிக்கியோடு 4 ஆண்டுகள்

என்னிடம் இருக்கும் அதே ஹேட்ச்பேக்கை வாங்க நினைக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "பின் சீட்டை மடக்கினால் நிறைய சாமான் ஏறுமா?" ஏறும், தாராளமாக ஏறும் என்றேன். ஏற்றின சாமான் வைத்த இடத்திலேயே இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

மைலேஜ், ஏசி பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதிவிட்டார்கள், அவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் தையல் மிஷின் பழுது பார்க்கிறவன். ஓடிய 61,000 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் டிக்கியில் இரும்போடுதான் ஓடியிருக்கிறேன். பழைய வார்ப்பிரும்பு மிஷின் தலை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். பிடிக்கத் தோதில்லாமல், நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு கிலோ.

டிக்கித் தரையில் சாமான் கட்ட நான்கு இரும்பு வளையங்கள் கொடுத்திருக்கிறார்கள். பின்கதவு ஓரம் இரண்டு, சீட்டின் அடியை ஒட்டி இரண்டு. மேனுவலில் பெல்ட்டைக் குறுக்காகக் கட்டி அழகாகப் படமும் போட்டிருக்கிறார்கள். சீட் நிமிர்ந்திருக்கும் வரை படம் உண்மைதான். சீட்டை மடக்கினால் முன்பக்கத்து வளையம் இரண்டும் அதற்கு அடியில் போய்விடும். நீளமாகவோ கனமாகவோ ஒன்று வரும்போதுதானே சீட்டை மடக்குகிறோம்? அந்த நேரம் பார்த்துக் கட்ட இடமில்லை. இதை வரைந்த மகராசன் ஒரு நாளாவது ஓர் ஏணியை உள்ளே ஏற்றிப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

முதல் வருஷம் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரும்பு தன் கனத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு நினைப்பு. ஒருநாள் ஸ்டாண்டு ஏற்றுவதற்காக ஒரு பக்கச் சீட்டை மடக்கி, அதன் முதுகின் மேலேயே அட்டைப்பெட்டியில் மிஷின் தலையை வைத்திருந்தேன். வேகம் 50 இருக்கும். நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது, பெட்டி நிற்கவில்லை. சர்ரென்று வழுக்கி வந்து பக்கத்து சீட்டின் முதுகில் இடித்துக் கிழிந்து, மிஷினின் கைச்சக்கரம் என் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் எட்டிப் பார்த்தது. நாய் பிழைத்தது. பக்கத்து சீட்டில் அன்றைக்கு ஆள் இல்லை.

கனமான பொருள் நகராது என்பது சுத்தப் பொய். கனம் கூடினால் தரையின் பிடிமானம் கூடும், சரி. ஆனால் பிரேக் போடும்போது அதை முன்னால் தள்ளுகிற விசையும் அதே கணக்கில் கூடிவிடுகிறது. ஒரே தரையில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் இருந்தால் 2 கிலோவும் 20 கிலோவும் ஒரே நேரத்தில்தான் வழுக்கத் தொடங்கும். காய்ந்த ரோட்டில் அழுத்தி பிரேக் போட்டால், பொருளின் எடையில் 80 சதவீதம் அளவுக்காவது முன்னே தள்ளும் என்று வைத்துத்தான் சரக்குக் கட்டுகிறவர்கள் கணக்குப் போடுகிறார்கள். என் மிஷினுக்கு அது ஏறக்குறைய 10 கிலோ. வழவழப்பான பிளாஸ்டிக் அதில் 3 கிலோவைப் பிடித்து நிறுத்தினாலே அதிகம். இது பிரேக்குக்கு மட்டும். மோதல் வேறு கதை: மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் பொருளிடம் இருக்கிற ஆற்றல், அதைக் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். மூன்றாவது மாடியிலிருந்து மிஷின் தலையைப் போட்டால் கீழே நிற்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். காருக்குள் மட்டும் அதற்கு முன்னால் நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறோம்.

சீட்டை மடக்காமல் முடிந்தால் மடக்காதீர்கள். ஐ.நா. வாகன விதி எண் 17-இல் சீட் முதுகுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: தலா 18 கிலோ கட்டைகள் இரண்டை டிக்கியில் வைத்து, 50 கிலோமீட்டர் வேகத்து மோதலில் முதுகு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆக, அந்த முதுகு வெறும் சாய்மானம் மட்டுமல்ல, ஒரு தடுப்புச் சுவரும்கூட. கனமானதைத் தரையில் அதோடு ஒட்டி வையுங்கள். பின்னால் ஆள் இல்லாவிட்டாலும் சீட் பெல்ட்டுகளைப் பூட்டிவிடுங்கள், முதுகுக்கு அது கூடுதல் பிடி. டிக்கிக்கு மேலே மூடுகிற தட்டை மட்டும் நம்பாதீர்கள், அது வெயிலுக்கு மறைப்பு, அவ்வளவுதான்.

இந்த வண்டியோடு எனக்குக் கிடைத்த உண்மையான சந்தோஷம் வண்டியில் வரவில்லை. சரக்குக்கு அடியில் விரிக்கிற ரப்பர் பாய், கறுப்பாக, சொரசொரப்பாக, பார்க்க ஒன்றுமே இல்லாதது. அதை விரித்த பிறகு தரையின் பிடிமானம் எடையில் 60 சதவீதம் வரை போகும். முன்னே தள்ளுகிற 10 கிலோவில் 7 கிலோவைப் பாயே பார்த்துக்கொள்கிறது, பெல்ட்டுக்கு மிச்சம்தான் வேலை. ஒரே தொல்லை, பெட்டியைத் தள்ளி உள்ளே அனுப்ப முடியாது. தூக்கித்தான் வைக்க வேண்டும், என் இடுப்புக்கு அது தெரியும்.

பெல்ட் 25 மில்லிமீட்டர் அகல ராட்செட் பெல்ட், அதாவது பல்சக்கரக் கைப்பிடியை ஆட்டி உருளையில் சுற்றி இறுக்குவது. நீல லேபிள் என்றால் பாலியெஸ்டர், அதிலேயே எவ்வளவு இழுவை தாங்கும் என்று டெகாநியூட்டனில் போட்டிருக்கும். ஒரு டெகாநியூட்டனை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். உருளையில் ஒன்றரைச் சுற்றாவது விழ வேண்டும், மூன்றுக்கு மேல் போனால் அவிழ்க்கும்போது கெட்ட வார்த்தை வரும். சும்மா கிடக்கும்போது ராட்செட் கடகடவென்று உயிரை எடுக்கும், பழைய காலுறைக்குள் போட்டு வையுங்கள். கொக்கி வைத்த ரப்பர் கயிறு போர்வை பறக்காமல் இருக்க உதவும், இரும்பை அது நிறுத்தாது. கை தவறினால் கொக்கி நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

மறைந்துபோகும் வளையத்துக்கு நான் கண்டுபிடித்த வழி இது: சீட்டை மடக்குவதற்கு முன்பே பெல்ட்டை வளையத்தில் கோத்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுனியை மேலே இழுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் மடக்குவது. வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சந்தின் பிளாஸ்டிக் விளிம்பு பெல்ட்டை அரிக்கும். போன மாதம் பார்த்தால் ஓரம் ஓர் அங்குல நீளத்துக்குப் பஞ்சாகிவிட்டது. ஓரம் அறுந்த பெல்ட்டைத் தைத்து ஓட்டக் கூடாது. தையல் மிஷின்காரன் சொல்கிறேன், தூக்கிப் போட்டுவிட்டேன். புதியதுக்குப் பழைய கேன்வாஸ் துண்டில் ஓர் உறை தைத்து மாட்டியிருக்கிறேன்.

கூரைக் கம்பிகள் பற்றியும் நண்பர் கேட்டார். கூரைமேல் ஏற்றலாம் என்று மேனுவலில் சொல்லும் எடைக்குள் கம்பிகளின் எடையும் அடக்கம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தட்டையாகக் கட்டிய பெல்ட் காற்றில் ஊளையிடும். கட்டும்போது ஒரு முறுக்கு கொடுத்தால் அடங்கிவிடும். முழு லோடு போட்டால் கதவு ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்து டயருக்குக் காற்று ஏற்றுங்கள், ஹெட்லைட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

புதிய பதிப்பு வந்திருக்கிறதே, சரிசெய்திருப்பார்கள் என்று நண்பரோடு நானும் பார்க்கப் போனேன். விற்பனையாளர் தொடுதிரையைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் போய்ச் சீட்டை மடக்கினேன். வளையங்கள் அதே இடத்தில்தான், அதே மாதிரி மறைந்தன. வெளியே வந்ததும், இதை வாங்காதீர்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

"சரி, அப்படியானால் உங்கள் பழைய வண்டியை எனக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்றார்.

அது எப்படி? கொடுக்க மாட்டேன் என்றேன்.