வேலையோடு ஒரு பட்டம்: இக்னோவா, ஐ.ஐ.டி. பி.எஸ்.ஸா, தனியார் ஆன்லைன் எம்.பி.ஏ.வா?

சேரும்போது எல்லோரும் போடும் கணக்கு ஒன்றுதான். ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம், ஞாயிறு காலை ஐந்து மணி நேரம். பாதிக்கு மேற்பட்ட வாரங்களில் அது நடக்கவும் செய்யும். மீதி வாரங்களில் மாதக் கடைசி கணக்கு முடிப்பு இருக்கும், ஷிஃப்ட் மாறும், ஆடிட் வரும், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். அந்த மாதிரி வாரம் ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்? படிப்பைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு கேள்வி போதும். ஒழுங்காகப் போகும் வாரத்தை வைத்துப் பார்த்தால் எல்லாப் படிப்பும் நல்ல படிப்புதான்.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று: இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். என்ற இளநிலைப் பட்டம், தனியார் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் எம்.பி.ஏ. மூன்றும் ஒரே படிப்பில்லை. ஆனாலும் வேலையில் இருப்பவர் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த மூன்று கதவுகளுக்கு முன்னால்தான். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை நேரம் உங்கள் கையில் இல்லை என்றால் இக்னோ.

செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை வேகமாகத் தாண்டிவிடலாம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரத்தோடு நடக்கும் தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. ஐ.ஐ.டி. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், தன் பட்டத்தைத் தானே தருகிறது. தமிழ்நாட்டில் தனியாக ஒரு கொக்கி உண்டு. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் டி.என்.பி.எஸ்.சி. வேலைக்கு அந்தப் பட்டம் எடுபடும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆயத்தப் படிப்பு வழியாக நேரே பட்டத்துக்குப் போனவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர், சேர்வதற்கு முன்பே துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் பி.எஸ். 2020இல் தொடங்கியது. ஆண்டுக்கு மூன்று டேர்ம்: ஜனவரி, மே, செப்டம்பர். ஒரு டேர்முக்கு 12 வாரப் பாடம். வாராவாரம் வீடியோ வரும், கூடவே கெடுவோடு அசைன்மென்ட் வரும். இடையில் இரண்டு குவிஸ், கடைசியில் எண்ட் டேர்ம். இவற்றைத் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், ஆனால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான். வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய வரம். லீவு கேட்டு மேனேஜர் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

சிக்கல் நேரத்தில்தான். ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் என்று அவர்களே சொல்கிறார்கள். கணக்கும் புரோகிராமிங்கும் பழகாதவருக்கு அது 12, 13 ஆகும். ஆக, வேலையோடு ஒரு டேர்முக்கு இரண்டு பாடம்தான் தாங்கும். இரண்டு பாடம், மூன்று டேர்ம் என்றால் ஆண்டுக்கு ஆறு பாடம், ஏறக்குறைய 24 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி). முழு பி.எஸ்.ஸுக்கு 142 கிரெடிட் வேண்டும். கணக்குப் போட்டால் ஆறு ஆண்டு. 'நான்கு ஆண்டுப் பட்டம்' என்று நினைத்துச் சேருகிறவர் இந்த வகுத்தலை முதல் நாளே செய்து பார்ப்பது நல்லது. இடையிலேயே இறங்கவும் படிகள் உண்டு: ஃபவுண்டேஷன், டிப்ளமோ, 114 கிரெடிட்டில் பி.எஸ்சி.

வாரத்தை விட்டால் என்ன ஆகும்? எண்ட் டேர்ம் எழுதத் தகுதி பெற, முதல் ஏழு வார அசைன்மென்ட்களில் சிறந்த ஐந்தின் சராசரி நூற்றுக்கு 40 இருக்க வேண்டும், ஒரு குவிஸாவது எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. அதாவது இரண்டு வாரம் சறுக்கலாம், மூன்றாவது வாரம் சறுக்கினால் சராசரி அடிபடத் தொடங்கும். தகுதி போனால் அந்தப் பாடத்தை அடுத்த டேர்மில் மறுபடி கட்டணம் கட்டி எடுக்க வேண்டும். பாடம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், ஐந்தாவது வாரத்தை விட்டவருக்கு ஆறாவது வாரம் புரியாது என்பது தனித் தொல்லை. வேலை நெருக்கடி முன்கூட்டியே தெரிந்தால் அந்த டேர்மில் பாடமே எடுக்காமல் விடலாம். நடு டேர்மில் வரும் நெருக்கடிக்குத்தான் மருந்தில்லை.

இன்னொன்று, உள்ளே நுழைவதுதான் மிகக் கடினமான மாதம். நுழைவுத் தகுதிக்கு நான்கு வாரம், நான்கு பாடம்: ஆங்கிலம், கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டேஷனல் திங்கிங். நான்கையும் ஒரே நேரத்தில் படித்தாக வேண்டும், குறைக்க வழியில்லை. சேர்ந்த பிறகு பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே அலுவலகத்தில் அமைதியான மாதம் எதுவோ அதைப் பார்த்து விண்ணப்பியுங்கள். அதே நிறுவனத்தின் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ்.ஸில் சென்னை வளாகத்துக்கு நேரில் வந்து செய்ய வேண்டிய லேப் உண்டு. வெளியூர் வேலைக்காரர் அதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

தனியார் ஆன்லைன் எம்.பி.ஏ.வுக்கு வருவோம். வசதியில் இதற்குத்தான் முதலிடம். பதிவு செய்த வகுப்புகள், வார இறுதியில் நேரலை, வீட்டிலிருந்தே கேமரா முன்னால் தேர்வு, பல இடங்களில் தேர்வு நேரத்தையும் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால் இதில் என்னால் பொதுவாகத்தான் பேச முடியும். பணம் கட்டும் முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: தேர்வைத் தவறவிட்டால் மறுதேர்வு எத்தனை மாதம் கழித்து, ஒரு தாளுக்கு எவ்வளவு, இன்டர்னல் மதிப்பெண் பழையது தொடருமா? போனில் சொல்லும் பதில் பதிலே இல்லை.

கேமரா தேர்வில் பலர் தடுக்கி விழும் இடம் லேப்டாப். கம்பெனி லேப்டாப்பில் தேர்வு பிரவுசரை நிறுவ முடியாது, அட்மின் அனுமதி இருக்காது. நிறுவினாலும் கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருள் கேமராப் பதிவைத் தடுக்கும். சொந்த லேப்டாப் வேண்டும். மாதிரித் தேர்வை இரண்டு நாள் முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் வைஃபையும் போகும் என்பதால் போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்க வேண்டும். அறைக்குள் யாரும் வரக்கூடாது. இரண்டு அறை வீட்டில் குழந்தைகளோடு இருப்பவருக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் மலை.

பணத்தில் ஒரு கண்ணி. 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்று விற்கப்படுவது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். மொத்தக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்கு அன்றே போய்விடும். மூன்றாவது மாதம் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது, நிறுத்தினால் சிபில் ஸ்கோர் விழும். வாரத்தைத் தவறவிடும் ஆபத்து உள்ளவர், செமஸ்டர் செமஸ்டராகக் கட்ட முடியாத படிப்பில் கையெழுத்துப் போடவே கூடாது.

இனி இக்னோ. வாராந்தரக் கெடு என்று எதுவுமே இல்லை. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வுப் பருவம். பொதுவாக அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும், ஒன்றில் வாங்கிய கூடுதல் மதிப்பெண் மற்றதைத் தூக்கிவிடாது. இந்தப் பருவத்தில் எந்தத் தாள்களை எழுதுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். தேர்வுப் படிவத்தில் அந்தத் தாள்களை மட்டும் டிக் செய்து, தாளுக்கு 200 ரூபாய் என்ற அளவில் கட்டணம் கட்டினால் போதும். கடைசி நேரத்தில் போக முடியவில்லையா? நஷ்டம் அந்த 200 ரூபாயும் ஆறு மாதமும். தேறிய அசைன்மென்ட் அப்படியே நிற்கும், தேர்வை மட்டும் மறுபடி எழுதினால் ஆயிற்று. மற்ற இரண்டிலும் இவ்வளவு மலிவான சறுக்கல் கிடையாது.

இக்னோவின் எம்.பி.ஏ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4 ஆண்டு. முதல் செமஸ்டரிலேயே 7 தாள். இரண்டே ஆண்டில் முடிக்க நினைத்தால் ஒவ்வொரு பருவத்திலும் ஏழு தாள் என்று மூச்சுத் திணறும். நான்கு ஆண்டு என்று முதலிலேயே மனதில் வைத்தால் எட்டுப் பருவம், பருவத்துக்கு மூன்று அல்லது நான்கு தாள். முழுநேர வேலைக்காரரால் நிஜமாகச் செய்யக்கூடிய அளவு இதுதான்.

இதன் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். தேர்வு வார நாட்களிலும் வரும். ஒரு மாதத்துக்கும் மேலாகப் பரவிக் கிடக்கும் அட்டவணையில் உங்கள் தாள்கள் செவ்வாய், வெள்ளி, அடுத்த புதன் என்று சிதறியிருக்கும். காலை அமர்வு, பிற்பகல் அமர்வு என்று பிரிந்திருப்பதால் அரை நாள் லீவில் சமாளிக்கலாம். மையம் அலுவலகத்துக்கு அருகில் இருந்தால் எளிது, ஆகவே படிவம் நிரப்பும்போது வீட்டுக்கு அருகில் உள்ள மையத்தைவிட அலுவலகத்துக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தற்காலிக அட்டவணை வெளியான அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

அசைன்மென்ட்டைக் கையால் எழுத வேண்டும். கீபோர்டு பழகிய விரல்களுக்கு இது சித்திரவதை; ஒரு தாளின் அசைன்மென்ட்டுக்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்குங்கள். கேள்வித்தாளுக்கு ஆயுள் உண்டு. போன ஆண்டுக் கேள்விகளுக்கு அழகாக எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் ஏறாது. முதல் பக்கத்தில் பதிவு எண், படிப்பின் குறியீடு, தாளின் குறியீடு, படிப்பு மையத்தின் குறியீடு நான்கும் இருக்க வேண்டும். நேரில் கொடுத்தால் ரசீது, ஆன்லைனில் ஏற்றினால் ஸ்கிரீன்ஷாட், இவற்றைப் பட்டம் கைக்கு வரும்வரை தூக்கிப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்த அசைன்மென்ட்டின் மதிப்பெண் மதிப்பெண் பட்டியலில் ஏறாமல் கிடப்பது இங்கே அடிக்கடி கேட்கும் புகார். சான்று கையில் இருந்தால் மண்டல மையத்தில் பேசலாம், இல்லையென்றால் மறுபடி எழுதுவதுதான் வழி.

மறுபதிவை மறப்பது இதைவிட மோசம். அடுத்த ஆண்டுக்கோ செமஸ்டருக்கோ பதிவு தானாக நடக்காது. முந்தைய தாள்களை எழுதினாலும் எழுதாவிட்டாலும், தேறினாலும் தேறாவிட்டாலும், கெடுவுக்குள் மறுபதிவுக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். 'பழசை முடித்துவிட்டுப் பதியலாம்' என்று காத்திருந்தவர்கள்தான் ஆண்டைத் தொலைக்கிறார்கள். எம்.சி.ஏ., பி.சி.ஏ. போன்றவற்றில் செய்முறை வகுப்புக்கு வருகைப்பதிவு கட்டாயம். இந்தப் படிப்புகளுக்கு மேலே சொன்ன தாராளம் முழுதாகப் பொருந்தாது.

தமிழில் தேர்வெழுத நினைப்பவருக்குச் சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொருத்தமானது. நடைமுறை ஏறத்தாழ இக்னோ போலத்தான்.

யாரும் விரட்டாத படிப்பு என்பதால் இக்னோவில் சேர்ந்துவிட்டுப் புத்தகத்தைப் பிரிக்காமலே விடுகிறவர்கள் உண்டு. கெடு இருந்தால்தான் கை ஓடும் என்ற சுபாவம் உள்ளவர் என் சாய்வை ஒதுக்கிவிட்டு ஐ.ஐ.டி. பக்கம் போகலாம், அதுவும் டேட்டா துறைக்கு வேலை மாறுவதே நோக்கம் என்றால். அங்கே பட்டத்தைவிட வாராவாரம் செய்யும் பயிற்சிதான் சம்பளம் வாங்கித் தரும். பதவி உயர்வுக்கோ போட்டித் தேர்வுக்கோ ஒரு பட்டம் கணக்கில் இருந்தால் போதும் என்றால் இக்னோ. நாள், நேரம் மாறாத வேலை, சொந்த லேப்டாப், தனி அறை, கடனில்லாமல் கட்டப் பணம், இந்த நான்கும் இருந்தால் தனியார் ஆன்லைன் படிப்பிலும் தப்பில்லை.

இக்னோவோ தனியார் ஆன்லைனோ, சேருவதற்கு முன் செய்ய வேண்டியவை இவைதான். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நீங்கள் சேரும் படிப்பு, சேரும் பருவம், தொலைநிலையா ஆன்லைனா என்ற முறை மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. ஐ.டி. (உங்கள் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்), அதை வைத்து டெப் ஐ.டி. (அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) வாங்குங்கள். 2024 முதல் இது இல்லாமல் சேர்க்கை கிடையாது. நம் ஊரில் இது நின்றுபோவது இனிஷியலில்தான். ஆதாரில் 'முருகன் க', பத்தாவது மார்க் ஷீட்டில் 'க. முருகன்', பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக. ஆதாரைப் பத்தாவது மார்க் ஷீட்டுக்கு ஏற்றபடி முதலில் திருத்துங்கள். அது முடியச் சில வாரம் ஆகலாம், ஆகவே சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.