பத்திரமா, காப்பகமா, பாட்டியா: பழைய வீட்டின் கதையை எங்கே தேடுவது?

சென்னையில் ஒரு பழைய வீட்டின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் பலர் நேராக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார்கள். திருவல்லிக்கேணியில் தாத்தா வாடகைக்கு இருந்த வீட்டுக்காக நானும் அங்கேதான் முதலில் போனேன். சாதாரணக் குடியிருப்பு என்றால் பத்திரத்தில் தொடங்குங்கள் என்றுதான் இப்போது சொல்வேன்.

காப்பகத்தில் இருப்பது அரசு எழுதி வைத்தது. அரசாணைகள், ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள் என்று கம்பெனி காலம் முதல் குவிந்து கிடக்கின்றன. 1920களில் மாம்பலத்தில் தியாகராய நகர் உருவானதுபோல அரசே முன்நின்று செய்த வேலை என்றால் அதை விட்டால் வேறு வழியில்லை. ஒரு சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டைப் பற்றி அரசு எதற்கு எழுதப்போகிறது?

பத்திரம் அப்படியல்ல. வீடு நம்முடையதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விற்பனைப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. ஈசி (வில்லங்கச் சான்று) போட்டால் இணையத்தில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு வரைதான் போகும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். கதவு எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரே வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு தொங்கும் ஊர் இது; சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் கிடைத்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தச் சந்து என்று அந்த நாளின் தெருவே நாலு வரியில் இருக்கும். நான் தேடிய வீட்டுக்கு வடக்கே "குதிரை லாயம்" என்றிருந்தது. இன்று அங்கே நிற்பது ஒரு மேன்ஷன்.

ஆனால் வாடகைக்கு இருந்தவர்கள் பத்திரத்தில் வரமாட்டார்கள். என் தாத்தாவும் இல்லை. அதற்குப் பெரியவர்கள்தான் வேண்டும். அவர்களிடம் வருஷம் கேட்டால் "வெள்ளைக்காரன் காலம்" என்பதோடு நின்றுவிடும். ஊரே அறிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டும்: 1942-இல் ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஊர் காலியானதற்கு முன்னா பின்னா, 1943 வெள்ளத்தில் திண்ணை வரை தண்ணீர் வந்ததா?

கட்டடமும் கொஞ்சம் பேசும். கைப்பிடிச் சுவரில் சுதையால் எழுதிய வருஷம் மட்டும் கட்டிய ஆண்டா, புதுப்பித்த ஆண்டா என்று சொல்லாது.

அப்புறம் அந்த லாயம். எதிர்வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். பத்திர நகலோடு போய்க் கேட்டேன். "ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு எல்லாரும் ஊரை விட்டுப் போனோமே, திரும்பி வந்தப்போ குதிரை ஒண்ணுகூட இல்ல. லாயம் மட்டும் வெறும்னே நின்னுச்சு" என்றார்.