பாதியில் கைவிடும் ஆட்டோ பார்க்கிங்

திருப்பூர் நண்பர் ஒருவர் புதுக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷோரூமில், காரே தன்னை நிறுத்திக்கொள்ளும் வசதி உள்ள டாப் எண்ட் மாடலையே எடுக்கச் சொல்கிறார்களாம். "ஆட்டோ பார்க்கிங்குக்காக அவ்வளவு கூடப் போடலாமாங்க? நீங்க வச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்டார். போனில் நான் சொன்ன பதிலில் அவருக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். கார் எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இதே வசதி உள்ள வேறு கம்பெனிக் காரையும் ஓட்டிப் பார்த்தேன், குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரிவர்ஸ் சென்சார் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயம் என்பதால் பீப் சத்தம் எல்லோருக்கும் பழக்கம். நான் பேசுவது அதற்கும் மேலே உள்ளது. காலி இடத்தைக் காரே தேடும். பட்டனை அழுத்திப் பிடித்தால் ஸ்டீயரிங், கியர், பிரேக் மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஜப்பானில் டொயோட்டா பிரியஸில் 2003இலேயே இதன் முதல் வடிவம் வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் இரண்டு வருஷத்துக்கு மேலாக இதைப் பயன்படுத்துகிறேன். எனக்கு ஒரே ஒரு பெரிய குறை. அது பாதியில் கைவிட்டுவிடுகிறது.

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு இடம் கிடைக்கிறது என்று வையுங்கள். காரின் நீளத்தைவிட ஒரு மீட்டராவது கூடுதலாக இருந்தால்தான் அதை இடமாகவே இந்த வசதி ஒப்புக்கொள்ளும். சரி, ஒப்புக்கொண்டது, ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கிவிட்டது. காரின் மூக்கு ரோட்டின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு ஸ்கூட்டி நுழைந்து போகும். கார் பிரேக் போட்டு நிற்கும். நிற்கட்டும், அதுதான் சரி. ஆனால் அடுத்து ஒரு பைக், அதற்குப் பின்னால் தள்ளுவண்டி. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பார்க்கிங் ரத்து என்று திரையில் எழுதிவிட்டு, ஸ்டீயரிங்கை நம் கையில் கொடுத்துவிடுகிறது. சக்கரம் முழுசாகத் திரும்பிக் கிடக்கும், கார் குறுக்கே நிற்கும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். ஆரம்பத்திலிருந்து நானே எடுத்திருந்தால் அந்த இடத்துக்கு வேறு கோணத்தில் போயிருப்பேன். இது தொடங்கிவைத்ததை நான் முடிப்பது, புதிதாக எடுப்பதைவிடக் கஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் யாராவது ரிவர்ஸ் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். வாட்ச்மேனோ டீக்கடையில் நிற்பவரோ வந்து காருக்குப் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிங்க" என்று கை காட்டுவார். எவ்வளவு நல்ல பழக்கம்! ஆனால் காருக்கு அவர் ஒரு தடை. அவர் நின்றால் கார் நிற்கும். கார் நின்றதும் இன்னும் வரலாம் என்று சொல்ல அவர் ஒரு அடி கிட்டே வருவார். பிறகு ரத்துதான். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் தள்ளி நிற்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. அவரைச் சொல்லித் தப்பில்லை. உதவிக்கு ஒரு ஆள் வந்து நிற்பார் என்பதை இந்த வசதியைச் செய்தவர்கள் கணக்கில் வைக்கவே இல்லை.

அந்த ஆளுக்குத் தெரிவது சென்சாருக்குத் தெரியவும் தெரியாது. பம்பரில் பொட்டுப் பொட்டாக இருப்பவை காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. தரைக்கு மேலே நிற்கும் சுவரும் காரும் தெரியும். மெல்லிய கம்பி, தொங்கும் சங்கிலி சரியாகத் தெரியாமல் போகலாம். பள்ளத்திலிருந்து எதிரொலியே வராது. எங்கள் தெருவோரத்தில் மூடி இல்லாத சாக்கடை போகிறது. கார் அதை ஒட்டி நிம்மதியாகப் பின்னால் போகும். பின் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் ஒரு சாண் இருக்கும்போது நான்தான் பிரேக்கை மிதிக்கிறேன். ஹாரன், பைக் எஞ்சின், பெரிய வண்டிகளின் ஏர் பிரேக் போன்ற சத்தங்கள் சென்சாரைக் குழப்பலாம் என்று மேனுவலிலேயே போட்டிருக்கிறது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இந்த மூன்றும் இல்லாத நேரம் எது?

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். போன மாதம் நடந்ததுதான் பொறுக்கவில்லை. நிறுத்தியிருந்த காரின் பின் பம்பரை ஒரு பைக் உரசிவிட்டுப் போய்விட்டது. பெயின்ட் அடித்துத் திரும்பி வந்த காரில், வெட்ட வெளியில் ரிவர்ஸ் போட்டாலும் பீப் நிற்கவில்லை. ஆட்டோ பார்க்கிங் தொடங்கவே மறுத்தது. சென்சாரின் முகத்தில் பெயின்ட் தடிமனாகிவிட்டால் அது சரியாக வேலை செய்யாது. பெயின்ட் அடிப்பவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. சர்வீஸ் சென்டரிலோ "சாஃப்ட்வேர் சார், அப்டேட் வரும்" என்று அலையவிட்டார்கள். சென்சார்மேல் இருந்த பெயின்டை நான் கையோடு காட்டிய பிறகுதான் சென்சாரை மாற்றினார்கள். இதை விற்கும்போது இருக்கும் உற்சாகம் பழுது பார்க்கும்போதும் இருக்க வேண்டாமா? வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சாதாரண இன்சூரன்சில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். பம்பர் முழுக்கச் சென்சார் உள்ள காருக்கு, தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும், பம்பர் டு பம்பர் என்று சொல்லும் பாலிசியைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள்.

அப்புறம், நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். மாலின் அடித்தளத்தில், கோடு போட்டு, தூண் நட்டு, வெளிச்சமாக இருக்கும் பார்க்கிங்கில் இது செய்யும் வேலை அற்புதம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, கோட்டுக்கு நடுவில், சக்கரத்தை நேராக்கி நிறுத்தும். எனக்கு அவ்வளவு நேராக வராது. அதைவிட முக்கியம் என் அப்பா. கழுத்து எலும்புத் தேய்மானம் வந்த பிறகு அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. ரிவர்ஸ் எடுக்கப் பயந்தே காரை விட்டுவிட்டார். இந்தக் கார் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாலுக்கு அவரே ஓட்டிப் போகிறார். நிறுத்தியதும் எனக்குப் போன் செய்து, "ஒரே தடவைல போட்டுட்டேன்பா" என்பார். அந்தக் குரலைக் கேட்கும்போது கொடுத்த காசு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

நான் தினமும் நம்பியிருப்பது 360 டிகிரி கேமராவை. மேலிருந்து பார்க்கிற மாதிரி காரையும் சுற்றியுள்ள தரையையும் திரையில் காட்டும். சாக்கடை தெரியும், தூணின் அடிப்பகுதி தெரியும், சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாயும் தெரியும். பாதியில் விட்டுவிட்டுப் போகாது. பக்கக் கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் அதிலுள்ள கேமராவைத் திரும்ப அளவு சரிபார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் படம் கோணலாகவே நிற்கும்.

அதனால் திருப்பூர் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அப்பா கதையை எழுதிய பிறகும் வேண்டாம் என்றே சொல்கிறேன். பம்பர் பில் இன்னும் மேசைமேல் கிடக்கிறது, அந்தக் கோபமும் இதில் இருக்கிறது. 360 கேமரா உள்ள, டாப் எண்டுக்கு ஒரு படி கீழான மாடலை எடுங்கள். இல்லை, டாப் எண்ட்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டதா? ஷோரூம் பின்பக்கக் காலி இடத்தில் அவர்கள் செய்து காட்டுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். சாயங்காலம் டெஸ்ட் டிரைவ் கேட்டு, உங்கள் தெருவுக்கே காரைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். மாட்டேன் என்றால் வேறு ஷோரூம் பாருங்கள்.