திருவல்லிக்கேணியில் 25 வருடம்: செய்தியும் சேவையும் கிடைக்கிற விதம்

1999 ஜூனில் ஒரு பெட்டியும் பாயுமாக பெல்ஸ் ரோடு பக்கம் ஒரு மேன்ஷனில் வந்து இறங்கினேன். ஒரு ரூமில் மூன்று பேர். இப்போது பெரிய தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் மனைவியோடும் மகளோடும் வாடகைக்கு இருக்கிறேன். நடுவில் இரண்டு தடவை வீடு மாறினோம். பின்கோடு மட்டும் மாறவில்லை, அதே 600005.

புதிதாகக் குடிவர நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது மூன்றே கேள்விதான். தண்ணீர் வருமா, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதா, ரேஷன் கடை எப்படி? மூன்றுக்கும் ‘சரி, இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் இருப்பது வேறு, நமக்குக் கிடைப்பது வேறு. இந்தப் பேட்டையில் எல்லாமே நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. எது எந்த நேரத்தில், எந்த வாசலில் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள்கள் அமைந்தார்கள். அதனால்தான் இவ்வளவு காலம் இங்கே இருக்கிறேன்.

மேன்ஷனில் செய்தி என்றால் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்த கரும்பலகை. மோட்டார் போடும் நேரம், மெஸ் விடுமுறை, ஊரிலிருந்து யாருக்கு ஃபோன் வந்தது, எல்லாம் சாக்பீஸில் இருக்கும். கையில் ஃபோன் இல்லாத காலம். வேலை முடிந்து வந்ததும் முதலில் கண் போவது அந்தப் பலகைக்குத்தான். என் பாட்டி இறந்த செய்தியையும் அதில்தான் படித்தேன். ‘ரூம் 27, ஊரிலிருந்து ஃபோன், உடனே கூப்பிடவும்’ என்று எழுதியிருந்தது. அந்த ‘உடனே’வுக்குக் கீழே இரண்டு கோடு. எழுதியவர் நான் வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருட ரம்ஜானில்தான் பேட்டை எனக்குப் பிடிபட்டது. டீக்கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரத்தோடு. அந்தத் தாளைப் பார்த்துத்தான் வடை போடுகிறவரும் பழக்கடைக்காரரும் தங்கள் சாயங்கால வேலையை அமைத்துக்கொண்டார்கள். என் ரூமில் இருந்த ஆம்பூர்க்காரர் ஒரு நாள் என்னையும் வாலாஜா பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795இல் கட்டிய பள்ளிவாசல். முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த நோன்பாளிகளுக்குப் பரிமாறியவர்கள் சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள். சிந்தி மரபில் வந்த அமைப்பு அது, பரிமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிற சேவை. நீ யார், எந்த ஊர் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. தட்டு வந்தது.

செய்தி இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி ஹிந்து’வின் முதல் இதழைக் கொண்டுவந்த ஆறு பேரை ‘திருவல்லிக்கேணி அறுவர்’ என்றே சொல்வார்கள். நான்கு சட்ட மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882இல் ‘சுதேசமித்திரன்’ ஆரம்பித்தார். பிறகு அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்த பாரதியார், கடைசி நாள்களில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார். அந்த வீடு இப்போது நினைவு இல்லம். மகளை முதல் தடவை அங்கே கூட்டிப் போனபோது, ‘நம்ம தெரு மாதிரியே இருக்கே அப்பா’ என்றாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

சேவைகளில் எனக்கு முதலில் பழக்கமானது டி.யு.சி.எஸ். அதன் முழுப்பெயர் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். 1904இல் தொடங்கியது, நாட்டின் ஆரம்பகால நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று. கல்யாணமான புதிதில் மளிகைக்கு அங்கேதான் போனோம். மாதக் கடைசியில் கையில் காசு இறுகும்போது, பருப்பு என்ன விலை என்று வெளியே ஒரு கடையிலும் அங்கே ஒரு தடவையும் கேட்டுவிட்டு வாங்குவது மனைவியின் பழக்கம். எடை சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையே அவளுக்கு முக்கியம். ரேஷன் கார்டு வாங்குவதுதான் எங்களுக்குச் சிரமமாக இருந்தது. வாடகை ஒப்பந்தம், காஸ் பில் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. மேன்ஷனில் பத்து வருடம் இருந்தவருக்குக்கூட முகவரிச் சான்று இல்லை. அவர் இங்கேயே உழைத்து, இங்கேயே சாப்பிட்டு, எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருப்பார். இதைப் பற்றி நான் இன்னும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

அப்புறம் கோஷா ஆஸ்பத்திரி. அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்பது பலகையில் உள்ள பெயர். ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் உடனே புரியும். 1885இல், ஆண் டாக்டரிடம் வரத் தயங்கிய பெண்களுக்காகத் தொடங்கியது. அதற்குப் பாடுபட்டவர் டாக்டர் மேரி ஷார்லீப். கோஷா என்ற சொல் முக்காடு போடும் பெண்களைக் குறித்தது. 2007இல் என் மகள் அங்கேதான் பிறந்தாள். தனியாருக்குப் போகும் அளவு பணம் இல்லை. கீழ்வீட்டு அம்மாதான், ‘அங்க போம்மா, என் மூணும் அங்கதான்’ என்று சொல்லி, காலையில் எத்தனை மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்க நிற்க வேண்டும், எந்த வாசல், என்னென்ன காகிதம் என்று வரிசையாகச் சொன்னார். கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு. இரவு ஒன்றரை மணிக்கு வலி எடுத்தபோது ஒரு நர்ஸ் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருடைய பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

இனி எங்கள் தெருவின் கரும்பலகை. இஸ்திரி வண்டி நிற்கிற சுவரில், ஆணியடித்து மாட்டிய மூன்றடிப் பலகை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தினமும் காலை ஆறு மணிக்குள் எழுதிவிடுவார். எல்லாருக்கும் அவர் ‘சார்’தான். மேலே தேதி, கிழமை. அடுத்து தண்ணீர் வரும் நேரம், மின்தடை இருந்தால் அது. மாட வீதியில் பார்த்தசாரதி பெருமாள் புறப்பாடு எந்த நேரம், எந்தத் தெரு வழி என்பதும் வரும். இது பக்தர்களுக்கு மட்டுமான செய்தி இல்லை. சித்திரைத் திருவிழா நாளில் ஆட்டோ எந்தப் பக்கம் நுழையலாம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கடைசி வரியில் இறப்புச் செய்தி இருந்தால் வீட்டு எண்ணோடு எழுதுவார். வலது ஓரத்தில், பிழை இருந்தால் கேட்பதற்காக, தன் கையெழுத்தைச் சிறியதாகப் போடுவார். அந்தக் கையெழுத்துதான் பலகையின் மதிப்பே என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லை, செல்ஃபோனில் சிக்னலும் இல்லை. ஊர் முழுக்க யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத இரண்டு மூன்று நாள்கள். எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவில் நின்று வடிந்துவிட்டது, பெரிய சேதமில்லை. ஆனால் பால் இல்லை. சார் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஆவின் பூத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து எழுதினார்: ‘பால் நாளை காலை 6, குழந்தை உள்ள வீடு முதலில்.’ அடுத்த வரி: ‘12ஆம் எண் வீட்டில் ஜெனரேட்டர், ஃபோன் சார்ஜ் போடலாம், மாலை 4 முதல் 6.’ சாக்பீஸ் எழுத்து மழையில் கரையாமல் இருக்க இஸ்திரிக்கார அம்மா தன் தார்ப்பாயை அதன் மேல் கட்டினார். மறுநாள் பூத்தில் தள்ளுமுள்ளு இல்லை. குழந்தை உள்ளவர்கள் முன்னால் நின்றார்கள், மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது லாரித் தண்ணீர்தான். தெருமுனையில் சின்டெக்ஸ் டேங்க், அதைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகக் குடங்கள். லாரி வரும் நேரம் தெரியாவிட்டால் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை. சார் இரண்டு வாரம் லாரி வந்த நேரத்தைக் குறித்து வைத்து, ‘பெரும்பாலும் 5.15 முதல் 6’ என்று எழுதினார். அந்தப் ‘பெரும்பாலும்’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல். உறுதியாகத் தெரியாததை அவர் உறுதியாக எழுதியதில்லை. மாடியில் தனியாக இருந்த வயதான தம்பதிக்குப் பலகை தெரியாது. இஸ்திரிக்கார அம்மா கீழிருந்து குரல் கொடுப்பார்: ‘மாமி, லாரி வந்துடுச்சு!’ யாராவது ஒரு பையன் அவர்களுடைய இரண்டு குடத்தையும் மேலே ஏற்றிவிடுவான்.

வாட்ஸ்அப் குழு எங்கள் தெருவில் 2016இல் வந்தது. வந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். புகைப்படம் போடலாம், வெளியூரில் இருந்தாலும் வீட்டு நிலவரம் தெரியும். காணாமல் போன ஒரு பெரியவரை ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரைப் பக்கம் கண்டுபிடித்தது அந்தக் குழுவால்தான். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் எட்டு வருடம் பயன்படுத்திய பிறகு என் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் ‘நாளை முதல் மூன்று நாள் குடிநீர் வராது’ என்று ஒரு தகவல் வந்தது. தேதி இல்லை. தெரு முழுக்க அண்டா, வாளி என்று பிடித்து வைத்தார்கள். மோட்டாரை விடாமல் ஓட்டியதில் கடைசி வீடுகளுக்கு அன்றைக்கே தண்ணீர் ஏறவில்லை. பிறகு பார்த்தால் அது முந்தைய வருடத்துத் தகவல், யாரோ பழையதை அனுப்பியிருக்கிறார். தேதியும் கையெழுத்தும் இல்லாத செய்தி என்ன செய்யும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய குறை, குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது. வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், என்னைப் போலப் பழைய வாடகைக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். மேன்ஷன் பையன்கள் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாக்கள் இல்லை. ஹோட்டலில் வேலை பார்க்கும் வடநாட்டு இளைஞர்கள் இல்லை. குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் அவர்களும்தான் குடிக்கிறார்கள். பலகைக்கு அட்மின் கிடையாது. கடந்து போகிறவர் யாராக இருந்தாலும் படித்துக்கொள்ளலாம், படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மேன்ஷனில் பலகையைப் பார்த்து வாழ்ந்தவன் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

குடிநீர் கலங்கிய விஷயத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு வழியைச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். பழைய பேட்டை என்பதால் பல இடங்களில் குழாய்களும் பழையவை. ஒரு தடவை எங்கள் அடிபம்பில் நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. குடிநீர் வாரியத்தின் 4567 4567க்கு ஃபோன் செய்து புகார் எண் வாங்கினேன். அந்த எண்ணைச் சார் பலகையில் எழுதினார்: ‘தண்ணீர் நாற்றம், புகார் எண் இது, நீங்களும் இதைச் சொல்லிப் பேசவும்.’ அன்றைக்கு ஒன்பது வீடுகள் அதே எண்ணைச் சொல்லிப் பேசின. மூன்றாம் நாள் ஆள் வந்து, தோண்டிப் பார்த்து, உடைந்த இடத்தைச் சரிசெய்தார்கள். தனித்தனியாக ஒன்பது புகார் கொடுத்திருந்தால் இவ்வளவு வேகம் இருந்திருக்காது என்பது என் அனுபவம். குப்பை, தெருவிளக்கு, தேங்கிய மழைநீருக்கு மாநகராட்சியின் 1913. மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987. எதற்குப் பேசினாலும் புகார் எண் வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள்.

போன வருடம் சாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு வாரம் பலகை வெறுமையாக இருந்தது. நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பேசினோம். குழு இருக்கும்போது பலகை எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் மேன்ஷன் பையன்களைப் பற்றிச் சொன்னேன். இஸ்திரிக்கார அம்மா, தன் மகன் பத்தாவது படிக்கிறான், கையெழுத்து நன்றாக இருக்கும், அவன் எழுதட்டும் என்றார். இப்போது அவன்தான் எழுதுகிறான். முந்தின நாள் ராத்திரி சார் வீட்டுக்குப் போய், என்ன எழுதலாம், எதை விசாரிக்காமல் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வருகிறான். சாக்பீஸ் டப்பா நாங்கள் மாதம் ஒருவராக வாங்கித் தருகிறோம், இந்த மாதம் என் முறை. நேற்றுக் காலை பலகையில் மூன்று வரிதான் இருந்தது: தேதி, தண்ணீர் நேரம், பக்கத்து மேன்ஷனில் ஒருவருக்கு பி நெகட்டிவ் ரத்தம் தேவை என்பது. வலது ஓரத்தில் அவன் கையெழுத்து. பத்து மணிக்குள் இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள்.