220 ரூபாய் மஞ்சள் மீட்டர்: ஆறு மாதம் கையில் வைத்திருந்த பிறகு

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் யூபிஎஸ் சர்வீஸ் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். முதல் நாளே பெஞ்ச் அண்ணன் கேட்டது இதுதான்: "மீட்டர் வச்சிருக்கியாம்மா?" வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரைத்தான் சொல்கிறார். காலேஜ் லேபில் நாலு பேருக்கு ஒரு மீட்டர். அந்த நாலு பேரில் நான்தான் ரீடிங் எழுதுகிறவள். மீட்டரைத் திருகியதே இல்லை. இல்லைண்ணா என்றேன். "என்னோடத கேக்காத. ஒண்ணு வாங்கிக்கோ. கெடுத்தாலும் உன்னுதாத்தான் இருக்கணும்."

சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டாவது கடையிலேயே கிடைத்தது: மஞ்சள் உடம்பு, நடுவில் கறுப்புத் திருகு, கீழே வயர் செருக மூன்று ஓட்டை. எல்லாருக்கும் தெரிந்த அதே மீட்டர்தான், யார் செய்தது என்று டப்பாவில் தேடினாலும் கிடைக்காது. கடைக்காரர் இரண்டு பிராபையும் (அளக்கத் தொடும் வயர் முனைகள்) முட்டவைத்து 'பீப்' கேட்கவைத்தார். கேரண்டி கேட்டேன். "தெருமுனை வரைக்கும் இருக்கும்மா" என்றார். 220 ரூபாய். பீப் இல்லாத மாடல் இன்னும் கொஞ்சம் குறைவு, அதை வாங்காதீர்கள். போர்டில் ஓடும் செம்புக் கோடு (டிராக்) அறுந்திருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்க நாள் முழுக்க அந்தச் சத்தம்தான் வேண்டும்.

டிசி வோல்டேஜ் விஷயத்தில் விலைக்கு மிஞ்சிய மீட்டர். சின்ன யூபிஎஸ்களில் வரும் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரியை இதில் பார்த்துவிட்டு, அண்ணனுடைய நல்ல மீட்டரில் பார்த்தால், புள்ளிக்குப் பிறகு இரண்டாவது எண்ணில்தான் வித்தியாசம் வரும். ரெசிஸ்டரும் சரியாகக் காட்டும். ஆனால் போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து குறைத்துக் காட்டும். அதன் ஒரு முனையையாவது கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அது மீட்டரின் குறை இல்லை. எனக்கு அது தெரிய ஒரு வாரமும் நாலு நல்ல ரெசிஸ்டரும் ஆனது.

இப்போது குறைகள். முதலில், இதில் தானாக அணையும் வசதி கிடையாது. மதியம் சாப்பிடப் போகும்போது திருகை 'ஆஃப்' பக்கம் தள்ள மறந்தால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்தால் மீட்டர் நின்றுபோகும் என்றுதான் நினைத்திருந்தேன். நிற்காது, பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இரண்டாவது மாதம் ஒரு போர்டு வந்தது, அதில் ரிலே (கரண்டில் தானாக மாறும் சுவிட்ச்) படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 7812 ரெகுலேட்டர் ஐசியின் அவுட்புட்டை அளந்தேன்: 14.6. அது 12 வோல்ட் தர வேண்டிய ஐசி; டேட்டாஷீட்படி (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாற்றினேன். மறுபடி 14.6. இன்னொன்றை மாற்றினேன். அதே 14.6. அண்ணனிடம் போனேன். போர்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மூணு ஐசியும் சொல்லிவச்ச மாதிரி ஒரே நம்பர்லயா கெட்டுப்போகும்?" என்றார். அவ்வளவுதான், டீ குடிக்கப் போய்விட்டார்.

கோபம் வந்தது. சம்பளம் வாங்குகிறவர் சொல்லித் தந்தால் என்ன குறைந்துவிடும்? பெஞ்சுக்கு எதிரே சுவர்க் கடிகாரம். அதன் முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: அந்தப் பென்சில் செல் எத்தனை வோல்ட் என்று எனக்கு முன்கூட்டியே தெரியுமே. ஸ்டூல் போட்டு ஏறி, செல்லைக் கழற்றி அளந்தேன். 1.84. ஒன்றரை வோல்ட் செல் 1.84 காட்ட வழியே இல்லை. மீட்டரின் மூலையில் ஒரு குட்டி பேட்டரிப் படம் தெரிந்தது. பல நாளாகவே அது அங்கே இருந்தது; அது டிசைனில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்!

விஷயம் இதுதான். மீட்டருக்குள் இருக்கும் ஐசி, தன் பேட்டரியிலிருந்தே ஓர் அளவுகோல் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டு, நாம் கொடுப்பதை அதோடு ஒப்பிட்டு எண்ணாகக் காட்டுகிறது. பேட்டரி ரொம்பத் தேய்ந்தால் அந்த அளவுகோலே சுருங்கும். முழம் போடும் கை சின்னதானால் பூ அதிக முழம் வரும் இல்லையா, அதே கதை. புது 9 வோல்ட் போட்டேன், 12.02. ரிலே அடித்ததற்குக் காரணம் அதன் காலில் டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத ஈயப் பற்று. இரண்டு நிமிஷ வேலை. கடிகாரத்தில் செல்லைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன் என்பது சாயங்காலம் எல்லாரும் "மணி இன்னும் பதினொன்றே கால்தானா" என்றபோதுதான் தெரிந்தது. இப்போது பையில் எப்போதும் ஒரு புதுப் பென்சில் செல் இருக்கும். காலையில் முதல் வேலை அதை அளப்பது.

அடுத்த குறை ஆபத்தானது. பெரிய கரண்ட் அளக்கும் 10 ஆம்பியர் ஓட்டைக்கு உள்ளே ஃபியூஸ் கிடையாது. கரண்ட் அளந்துவிட்டு, சிவப்பு வயரை அதே ஓட்டையில் விட்டுவிட்டு, மறந்துபோய் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். மீட்டருக்கு அது வோல்டேஜ் இல்லை, நேர் ஷார்ட். 'டப்' என்று ஒரு பொறி; பிராப் நுனி கறுத்து, பேட்டரி முனையில் தொட்ட இடத்தில் ஒரு பள்ளம். அண்ணன் திட்டவில்லை. அந்தப் பிராபை மாற்றவும் விடவில்லை. "அந்த நுனி அப்பிடியே இருக்கட்டும்." இன்றும் அந்தக் கறுத்த நுனியைப் பார்த்தால் கண் தானாக ஓட்டைப் பக்கம் போகிறது.

பெட்டியில் ஏசி 750 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. நம்பவேண்டாம். 230 வோல்ட் லைனை டையோடு போட்டு டிசி ஆக்கினாலே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். இந்தப் பிராப் வயரின் மெல்லிய தோலை நம்பி அங்கே கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரே ஒரு தடவை, அண்ணன் பக்கத்தில் நிற்க, பேட்டரியில் ஓடும் யூபிஎஸ்ஸின் அவுட்புட்டை அளந்தேன். 180-ஐத் தாண்டவில்லை. யூபிஎஸ் கெட்டது என்று சீட்டில் எழுதவே போனேன். விலை குறைந்த யூபிஎஸ்கள் தருவது வழவழப்பான சைன் அலை இல்லை, படிக்கட்டு மாதிரி அலை. ட்ரூ ஆர்எம்எஸ் (எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் வசதி) இல்லாத மீட்டர் அதைக் குறைத்துத்தான் காட்டும். அந்த வேலைக்கு இது ஆகாது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். பெஞ்சில் உட்கார்ந்து எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வீட்டு வயரிங், மெயின் லைன் வேலை என்றால் பல ஆயிரம் போனாலும் ஃபுளூக் மாதிரி நல்ல கம்பெனி மீட்டர் ஒன்றுக்குக் காசு சேருங்கள். வாங்கும்போதே உபரியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஜோடி முதலைக் கிளிப். பேட்டரி மாற்றப் பின்மூடியின் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். அதற்கான சின்ன ஸ்க்ரூ டிரைவர் பெட்டியில் வராது, அதே தெருவில் பேரம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.