ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க், மூன்று தளங்களுக்கும் பொதுவாக: ஒரு மதிப்பீடு

சற்று விலை கூடிய வைஃபை ரவுட்டர்கள் பலவற்றில் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு யூஎஸ்பி போர்ட் இருக்கிறது. அதில் ஒரு பென்டிரைவையோ ஹார்ட் டிஸ்கையோ செருகிவிட்டால், வீட்டிலுள்ள லேப்டாப், கைபேசி, டிவி எல்லாவற்றிலும் அதே கோப்புகளைத் திறந்துகொள்ளலாம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் தரைத்தளத்தில் அம்மாவும் நாங்களும், முதல் மாடியில் தம்பி குடும்பமும், இரண்டாம் மாடியில் எம்.சி. ரோடு கடைகளுக்குச் சுடிதார் தைத்துக் கொடுக்கும் தம்பியின் சிறு பட்டறையும் உள்ள எங்கள் வீட்டில் ஓராண்டுக்கு மேலாக இந்த வசதியைப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். குடும்பத்துக்குப் பொதுவான ஒரு சேமிப்பிடமாக இது மிகவும் நன்றாக உழைக்கிறது. இதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்கும் பெருஞ்செலவை மிச்சப்படுத்துகிறது. ஆனால் முதல் நாளிலேயே பாஸ்வேர்ட் அமைக்காமல் பயன்படுத்தத் தொடங்குகிறவர்களுக்கு, குறிப்பாக விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு, இது ஓயாத தொல்லையாகவே இருக்கும்.

எங்களிடம் இருப்பது வைஃபை 6 வகை ரவுட்டர். ஒரே ஒரு யூஎஸ்பி 3.0 போர்ட், அதில் 1 டிபி கையடக்க ஹார்ட் டிஸ்க். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன், ஏனெனில் கீழே சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் ரவுட்டருக்கும் பொருந்தக்கூடியவை. இவற்றில் பலவும் உள்ளுக்குள் சாம்பா என்ற மென்பொருளையே கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்துகின்றன. 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய அந்த இலவச மென்பொருளின் எந்தப் பதிப்பை ரவுட்டருக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நம் அனுபவம் அமைகிறது. பழைய பதிப்பு என்றால் சிக்கலும் கூடும்.

முதல் சிக்கல் ரவுட்டருக்கும் டிரைவுக்கும் தொடர்பில்லாதது. ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்கள் சுவரில் பொருத்திவிட்டுப் போகும் மோடமே தனியாக ஒரு வைஃபையையும் பரப்புகிறது. நாம் வாங்கிய ரவுட்டர் அதற்குப் பின்னால் வேறொரு வைஃபையைப் பரப்புகிறது. "அண்ணா, என் லேப்டாப்ல டிரைவே தெரியலை" என்று தம்பி மாடியிலிருந்து போன் செய்தபோது, அவனுடைய லேப்டாப் மோடத்தின் வைஃபையில் இணைந்திருந்தது. மோடத்தின் பக்கம் இருக்கும் கருவிக்கு ரவுட்டர் என்பது வெளியே பூட்டிய வாசல். உள்ளே செருகிய டிரைவை அங்கிருந்து எட்ட முடியாது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரியைப் (ஐபி) பார்த்தால் இது உடனே புரிந்துவிடும். எங்கள் வீட்டில் மோடம் 192.168.1.1, ரவுட்டர் 192.168.0.1, லேப்டாப்புக்குக் கிடைத்திருக்கும் முகவரியின் மூன்றாம் எண் 1 என்றிருந்தால் அது தவறான வைஃபையில் இருக்கிறது. மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டு வீடு முழுவதும் ஒரே வைஃபைப் பெயரை வைத்ததோடு இந்தப் பிரச்சினை ஓய்ந்தது. விருந்தினருக்கென்று தனியாகத் திறக்கும் கெஸ்ட் வைஃபையிலிருந்தும் டிரைவை எட்ட முடியாது. அது அப்படியே இருப்பதுதான் நல்லது.

அடுத்தது விண்டோஸ். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் உள்ள நெட்வொர்க் பட்டியலில் ரவுட்டரின் பெயர் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்தப் பட்டியல், கணினிகள் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ நம்பித்தான் முன்பு நிரம்பிக்கொண்டிருந்தது. அதே எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) உலகெங்கும் பரவியது. அந்த நெறிமுறையைக் கைவிடும் வேலையை மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஆகவே பட்டியலில் பெயர் வரவில்லை என்பதற்காக டிரைவ் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.0.1 என்று நேரடியாகத் தட்டினால், பட்டியலில் தலைகாட்டாத அதே டிரைவ் கோப்புறைகளோடு திறந்துகொள்கிறது. ஒருமுறை திறந்ததும் அதன்மேல் வலச்சொடுக்கி, ஒரு எழுத்தை ஒதுக்கி நெட்வொர்க் டிரைவாக இணைத்துவிட்டால் பிறகு முகவரியைத் தட்ட வேண்டியதே இல்லை. தம்பியின் பட்டறை லேப்டாப்பில் அது இப்போது இசட் டிரைவ்.

எஸ்எம்பி 1-ஐ மீண்டும் இயக்கிக்கொள்ளுங்கள் என்ற யோசனையைக் கணினி பழுதுபார்ப்பவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த ரவுட்டராக இருந்தால் முதலில் அதன் ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளை, புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் மாறவில்லை என்றால் அந்த போர்ட்டைப் பகிர்வுக்குப் பயன்படுத்தாமல் விடுவதே சரி. சில ஆயிரம் புகைப்படங்களைப் பொதுவில் பார்ப்பதற்காக வீட்டிலுள்ள எல்லா லேப்டாப்புகளையும் பாதுகாப்பில்லாமல் திறந்துவைப்பது எந்த விதத்திலும் நியாயமாகாது.

இரண்டாவது தடை இன்னும் குழப்பமானது. என் அலுவல் லேப்டாப்பில் முகவரியைத் தட்டியவுடன், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் உறுதிசெய்யப்படாத விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது டிரைவை யார் வேண்டுமானாலும் பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் திறக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். விண்டோஸின் நிறுவனப் பதிப்புகள் 1709 முதலே இத்தகைய விருந்தினர் நுழைவை மறுத்துவருகின்றன. விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீட்டில் புரோ பதிப்பும் அதே நிலைக்கு வந்துவிட்டது. அதே வெளியீடு, அனுப்பப்படும் ஒவ்வொரு தகவலும் டிஜிட்டல் முறையில் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினருக்குக் கையொப்பமிட வழியே கிடையாது. ஆகவே நேற்றுவரை திறந்த டிரைவ், விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் திறக்காமல் போகிறது. பழி ரவுட்டர்மேல் விழுகிறது.

இதற்கு மருந்து மிக எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் யூஎஸ்பி பகிர்வுப் பிரிவுக்குச் சென்று, பாதுகாப்பான பகிர்வு என்ற பொருள்படும் தேர்வை இயக்கி, ஒரு பயனர் பெயரும் நீளமான பாஸ்வேர்டும் அமைத்து, அதே இரண்டையும் விண்டோஸ் கேட்கும்போது கொடுத்து, நினைவில் வைத்துக்கொள் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். விருந்தினர் தடையும் கையொப்பத் தடையும் இந்த ஒரே செயலில் நீங்கிவிட்டன. விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்துவதற்கு அதன் உள்ளமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் வழிகளும் உண்டு என்றாலும் அவற்றுக்குத் தேவையே எழவில்லை. பழைய பாஸ்வேர்ட் எங்காவது சேமிக்கப்பட்டிருந்து நுழைவு மறுக்கப்பட்டால், கண்ட்ரோல் பேனலில் உள்ள கிரெடென்ஷியல் மேனேஜரில் ரவுட்டரின் முகவரிக்குரிய பதிவை நீக்கிவிட்டு மீண்டும் முயலலாம்.

கைபேசிகளில் இத்தனை பாடு இல்லை. ஐபோனில் ஃபைல்ஸ் செயலியிலேயே சர்வருடன் இணைக்கும் வசதி 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் விஎல்சி செயலி வீடியோக்களை நேரடியாக இயக்குகிறது. கோப்புகளை நகலெடுக்க எஸ்எம்பி தெரிந்த கோப்பு மேலாளர் ஒன்று வேண்டும். டிவியில், வீட்டு நெட்வொர்க்கில் படங்களைப் பகிரும் முறையான டிஎல்என்ஏ வழியாகப் படங்கள் வருகின்றன, ஆனால் தமிழில் பெயரிட்ட கோப்புறைகள் எங்கள் டிவியில் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. லேப்டாப்பிலும் கைபேசியிலும் "பாட்டி அறுபதாம் கல்யாணம்" என்று தெளிவாகத் தெரியும் கோப்புறை, டிவியில் எதுவென்று கண்டுபிடிக்க முடியாமல் போவது அம்மாவுக்கு உண்மையான வருத்தம். எழுத்துரு டிவிக்குள் இல்லாததன் விளைவு இது. ரவுட்டர் இதில் ஒன்றும் செய்ய இயலாது.

வேகத்தைப் பொறுத்தவரை, யூஎஸ்பி 3.0 என்ற பெயருக்குரிய 5 ஜிகாபிட் வேகத்தை எதிர்பார்ப்பது வீண். ரவுட்டருக்குள் இருக்கும் சிறிய பிராசஸர்தான் எல்லை வகுக்கிறது. தரைத்தளத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நொடிக்குச் சுமார் 30 மெகாபைட் (எம்பி) கிடைக்கிறது, இரண்டாம் மாடியில் அதில் பாதிக்கும் குறைவு. நொடிக்கு 50 மெகாபிட் அளவில் பதிவான 4கே வீடியோவுக்குக்கூட நொடிக்கு 6 எம்பி சொச்சமே தேவை என்பதால் பார்ப்பதற்கு இது தாராளம். பெரிய தொகுதிகளை முதன்முறையாக ஏற்றும்போது மட்டும் டிஸ்கைக் கழற்றி லேப்டாப்பில் நேரடியாகச் செருகி ஏற்றிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் பழையதான எஃப்ஏடி32 முறையில் அதை ஃபார்மேட் செய்ய வேண்டாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, மேற்சொன்ன 4கே வீடியோ ஏறத்தாழ 11 நிமிடத்தில் அந்த எல்லைக்கு வந்துவிடும். என்டிஎஃப்எஸ் முறையை நான் தேர்ந்தெடுத்ததற்கு மின்வெட்டே காரணம். திடீரென்று மின்சாரம் போனாலும் கோப்பு அட்டவணையைச் சீர்செய்துகொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கிறது, எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் இல்லை.

மின்சாரம் பற்றி இன்னும் கொஞ்சம். கையடக்க ஹார்ட் டிஸ்க் தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் ரவுட்டரிலிருந்தே எடுக்கிறது. யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தர வேண்டும், யூஎஸ்பி 2.0 என்றால் 500 மட்டுமே. 2.0 போர்ட்டில் சில டிஸ்குகள் சுழலத் தொடங்கி, டிக் டிக் என்று ஓசையிட்டு நின்றுவிடுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குபவர்கள் இந்தக் கூடுதல் சுமையையும் கணக்கிட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கிவைத்தால், மழைக்காலத்தில் கம்பத்தில் ஃபைபர் அறுந்து இணையமே இல்லாத நாளிலும் வீட்டுக்குள் டிரைவ் வழக்கம்போல் கிடைக்கும். குழந்தைகளின் பாட வீடியோக்கள் நின்றுபோகவில்லை. காசிமேட்டுக் கடற்காற்று வீசும் எங்கள் பக்கத்தில் உலோக முனைகள் சீக்கிரம் களிம்பேறுகின்றன. டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்ததற்கு மங்கிப்போன கேபிள் முனையே காரணம் என்று தெரிந்து கேபிளை மாற்றியபின் சரியானது. புதிய கேபிளைச் சற்று நீளமானதாக வாங்கி டிஸ்கை ரவுட்டரிலிருந்து தள்ளிவைத்தேன். யூஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பாதிக்கும் என்பது 2012-இல் இன்டெல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது.

இணையம் வழியாக வெளியிலிருந்தும் டிரைவைத் திறக்கலாம் என்றொரு தேர்வு, எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறைக்கான பிரிவில் இருக்கும். அதை அணைத்தே வைத்திருக்கிறேன். சாதாரண எஃப்டிபி பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்புகிறது என்பதே போதுமான காரணம். குடும்பப் படங்களும் தம்பியின் பில் கணக்கும் இருக்கும் இடத்துக்கு வெளியிலிருந்து வழி தேவையில்லை. அந்தக் கோப்புகளின் இன்னொரு பிரதி பீரோவில் உள்ள வேறொரு டிஸ்கில் இருக்கிறது. பகிரப்பட்ட டிரைவில் ஒருவர் தவறி அழித்தால் அது எல்லோருக்கும் அழிந்துவிடும், ரவுட்டரில் ரீசைக்கிள் பின் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு நிறுவனங்கள்மேல் எனக்கு ஒரு குறை தீரவில்லை. வைஃபையின் வேகத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிடுபவர்கள், யூஎஸ்பி பகிர்வு எஸ்எம்பி 2-ஐயோ 3-ஐயோ ஏற்குமா, எந்த ஃபார்மேட்டுகளைப் படிக்கும் என்பதைப் பெட்டியில் ஒரு வரியாகக்கூடப் போடுவதில்லை. கடைக்காரரைக் கேட்டும் பயனில்லை. அந்த மாடலின் கையேட்டைத் தரவிறக்கி யூஎஸ்பி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, தனியாகப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அமைக்க இடமிருப்பதை உறுதிசெய்துகொண்டு பணத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே நல்ல ரவுட்டர் வைத்திருந்து அதில் இந்த போர்ட் மட்டும் இல்லை என்றால், இதற்காகவே புதிதாக வாங்கும் அளவுக்கு இது அவசியமானதல்ல.